மலைமேல் ஓர் இரவு, ஊருக்குள் ஓர் இரவு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் சீனாவின் ஹுவாங்ஷான் மலை பற்றி வந்த பயணக் கட்டுரையும் படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் கட்டுரையின் கடைசியில் பெட்டிக்குள் போட்டிருந்த இரண்டு நாள் திட்டத்தை நம்பி யாரும் டிக்கெட் எடுத்துவிடக் கூடாது. காலையில் ஷாங்காயில் ரயில் ஏறி, மதியம் மலை, மாலை இறக்கம், மறுநாள் காலை ஹோங்சுன் கிராமம், மதியம் ஷீதி கிராமம், இரவு மறுபடி ஷாங்காய். காகிதத்தில் கணக்கு இடிக்காது. நேரில் பாதிப் பொழுது கேபிள் கார் வரிசையிலும் மீதி பேருந்திலும் போய்விடும். மலைமேல் ஓர் இரவும் கிராமத்துக்குள் ஓர் இரவும் தங்க முடியாதென்றால், இரண்டில் ஒன்றை விட்டுவிடுவதே மேல்.

முதல் சிக்கல் அறை பதிவு செய்யும்போதே வந்துவிடும். 1987-ல் பழைய ஹுய்சோ வட்டாரத்துக்கே மலையின் பெயரைச் சூட்டி ஹுவாங்ஷான் நகரம் என்று ஆக்கிவிட்டார்கள். அந்த நகரத்தின் மையம் துன்சி. மலைக்கும் அதற்கும் அறுபது கிலோமீட்டருக்கு மேல். மலைக்கு வடக்கே பழைய தைபிங்கும் இப்போது ஹுவாங்ஷான் மாவட்டம்தான். செயலியில் 'ஹுவாங்ஷான்' என்று தேடி மலிவாகக் கிடைத்த அறையைப் பிடித்துவிட்டு, சன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்று போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். அடிவாரத்தில் தங்க வேண்டுமானால் தேட வேண்டிய பெயர் தாங்கோ. துன்சியில் தங்குவதும் தவறில்லை. பழைய கடைவீதி அங்கேதான் இருக்கிறது. மலையேறும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் அங்கே வேண்டாம்.

ரயிலுக்கு ஹுவாங்ஷான் வடக்கு நிலையம். ஹாங்சோ–ஹுவாங்ஷான் அதிவேகப் பாதை 2018 டிசம்பரில் திறந்தபின் ஹாங்சோவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பின்னாக வந்துவிடலாம்; ஷாங்காயிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி. டிக்கெட் 15 நாளுக்கு முன் திறக்கும், கடப்பிதழ் எண்ணில்தான் பதிவாகும். கடப்பிதழே டிக்கெட் என்பதால் தானியங்கிக் கதவு பல இடங்களில் நமக்குத் திறக்காது. ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியாகப் போக வேண்டும். நிலையத்திலிருந்து தாங்கோவுக்குப் பேருந்தில் சுமார் ஒரு மணி நேரம். 2024 ஏப்ரலில் வந்த சிசோ–ஹுவாங்ஷான் பாதையில் யீசியன் கிழக்கு என்ற நிலையம் கிராமங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. கிராமத்தை முடித்துக்கொண்டு துன்சிக்குத் திரும்பாமல் அங்கிருந்தே ரயிலேறலாம். நிற்கும் ரயில்கள் குறைவு, அதனால் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி மலை. பெரிய பெட்டியைத் தாங்கோ விடுதியிலேயே வைத்துவிட்டு, ஒரு முதுகுப் பையோடு ஏற வேண்டும். மலை முழுக்க 60,000-க்கும் மேற்பட்ட கற்படிகள். கேபிள் காரில் போனாலும் மேலே இறங்கியபின் விடுதிக்கு நடைதான். சக்கரப் பெட்டி அங்கே சுமை. பையில் தண்ணீர், ஒரு மாற்றுடை, மேல்சட்டையும் காற்சட்டையுமாகத் தனித்தனி மழையுடை, தலைவிளக்கு. குடை வேண்டாம். முகட்டில் காற்று அதைப் பிடுங்கிவிடும், குறுகிய படியில் எதிரே வருபவர் கண்ணிலும் குத்தும். அடிவாரத்தைவிட உச்சி ஏழெட்டு டிகிரி குளிராக இருக்கும்.

தாங்கோவிலிருந்து சொந்த வண்டியோ டாக்சியோ கேபிள் கார் நிலையம் வரை போக விடமாட்டார்கள். பூங்காப் பேருந்துக்கு மாற வேண்டும். கிழக்கே யுன்கு நிலையம், தெற்கே யுபிங் நிலையம். யுன்குவில் ஏறி யுபிங்கில் இறங்குவதுதான் முழங்காலுக்கு நல்லது. தெற்குப் பக்கப் படிகள் செங்குத்தானவை. அவற்றில் ஏறத் தொடங்கினால் உச்சிக்கு வருமுன் கால் ஓய்ந்துவிடும். காலை ஏழு மணிக்குள் பேருந்தில் உட்கார்ந்துவிட்டால் வரிசை தாங்கக்கூடியதாக இருக்கும். பத்து மணிக்குப் போனால் துன்சியிலிருந்து வரும் சுற்றுலாக் குழுக்களோடு சேர்ந்து நிற்க வேண்டும்.

மேலே இறங்கியதும் ஷீசின் சிகரத்தைப் பார்த்துக்கொண்டு மலைமேல் விடுதிகள் இருக்கும் பெய்ஹாய் பக்கம் நடந்து, விடுதியில் பையைப் போட்டுவிட்டு, அன்று பிற்பகலை ஷீஹாய் பள்ளத்தாக்குக்குக் கொடுக்க வேண்டும். என் கணக்கில் இந்த மலையின் மிகச் சிறந்த பகுதி அதுதான். இரண்டு நாள் திட்டக்காரர்கள் தவறாமல் விடுவதும் அதைத்தான். பையுன் மண்டபத்துப் பக்கமாக நுழைந்து, பாறைச் சுவரில் பொருத்திய படிகளில் இரண்டு வளையங்களாக இறங்கினால் அடியில் ஒரு சரிவு ரயில் இருக்கிறது. 2013-ல் வந்தது, சுமார் 900 மீட்டர் பாதையில் 500 மீட்டர் உயரம் தூக்கி, மேலே தியான்ஹாய் என்ற இடத்துப் பக்கத்தில் விடும். எதிர்த் திசையில், ரயிலில் இறங்கிப் படியில் ஏறினால், அந்த 500 மீட்டரும் நம் காலில் விழும். காற்று பலமாக இருந்தாலோ பராமரிப்பு இருந்தாலோ ரயில் நிற்கும். அதனால் பள்ளத்தாக்கு வாயிலிலேயே ரயில் ஓடுகிறதா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்காமல் ஒரு படிகூட இறங்கக் கூடாது. மதியம் இரண்டு மணிக்கு மேல் இறங்கத் தொடங்குவதும் சரியல்ல. டிசம்பர் முதல் மார்ச் வரை பள்ளத்தாக்கு பெரும்பாலும் மூடியிருக்கும்.

மேலே அறை விலை அதிகம் என்று கட்டுரையாளர் குறைப்பட்டிருந்தார். அரிசி, காய்கறி, படுக்கை விரிப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் மூங்கில் தண்டில் கட்டித் தோளில் சுமந்து படியேறுகிற ஆட்களால் வருகின்றன. தோள் மாற்றிக்கொள்ள ஒரு கோல் வைத்திருப்பார்கள். நிற்கும்போது அதையே தண்டுக்கு முட்டுக் கொடுத்து மூச்சு வாங்குவார்கள். அவர்களுக்கு எப்போதும் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். கீழே 300 யுவானுக்குக் கிடைக்கிற அறை மேலே ஆயிரத்தைத் தாண்டுவதில் வியப்பில்லை. செலவைக் குறைக்க நினைப்போருக்கு அடுக்குப் படுக்கை அறைகள் உண்டு. வெந்நீர் எங்கும் கிடைக்கும், உடனடி நூடுல்ஸ் எடுத்துப் போகலாம்.

சூரிய உதயம் ஜூனில் ஐந்து மணிக்கே, டிசம்பர் கடைசியில் ஏழு மணியளவில். அன்றைய நேரத்தை விடுதியிலேயே எழுதி வைத்திருப்பார்கள். தடிமனான மேலங்கியும் பல இடங்களில் கொடுப்பார்கள். பெய்ஹாயில் தங்கினால் சிங்லியாங் மேடை சிறிது நேர நடைதான். உதயம் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆண்டில் 200 நாளுக்கு மேல் மூடுபனி கவியும் மலை இது. மழை ஓய்ந்த மறுநாள் காலைதான் மேகக் கடலுக்கு ஏற்ற நேரம்; குளிர்காலத்தில் அது இன்னும் அடிக்கடி அமையும். ஆகவே மலை நாளையும் கிராம நாளையும் முன்னே பின்னே மாற்றிக்கொள்ள இடம் வைத்து, ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்வது புத்திசாலித்தனம். மழையில் மலை ஒன்றும் காட்டாது. மழையில் கிராமம் இன்னும் அழகு.

இரண்டாம் நாள் குவாங்மிங் சிகரம், அவ்யூ சிகரம் வழியாக யுபிங்குக்கு நடந்து, வரவேற்புப் பைன் மரத்தைப் பார்த்துவிட்டு கேபிள் காரில் இறங்கலாம். 1,864 மீட்டர் உயர லியான்ஹுவா, செங்குத்தான தியான்து ஆகிய இரண்டு சிகரங்களையும் செடிகொடி மீள்வதற்காக மாற்றி மாற்றிச் சில ஆண்டுகள் மூடிவைப்பார்கள். எது திறந்திருக்கிறது என்று பார்க்காமல் இரண்டையும் திட்டத்தில் எழுதுவது வீண். பனி உறைந்த படிகளுக்குக் காலணியில் மாட்டும் இரும்பு முள் தாங்கோவிலேயே கிடைக்கும். பல்லக்குத் தூக்கிகளிடம் ஏறுமுன் விலை பேச வேண்டும். எங்கிருந்து எதுவரை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தாங்கோவிலிருந்து ஹோங்சுன் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். பிற்பகலில் போய்ச் சேர்வதுதான் சரி: நாள் பயணக் குழுக்கள் அப்போது கிளம்பிக்கொண்டிருக்கும். மாலை ஐந்துக்குப் பிறகும், மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பும் அந்த ஊர் ஊராக இருக்கும். மற்ற நேரத்தில் ஓவியப் பலகையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் மாணவர்களையும் கொடி பிடித்த வழிகாட்டிகளையும் விலக்கிக்கொண்டு நடக்க வேண்டும். உள்ளே தங்குவதாக இருந்தால், மறுநாளும் நுழையும்படி சீட்டைப் பதிவு செய்யச் சொல்லி வாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிறு வீட்டு விடுதிகள் சிலவற்றுக்கு வெளிநாட்டுக் கடப்பிதழைக் காவல் துறைப் பதிவில் ஏற்றத் தெரியாது; பணம் கட்டுமுன் அதையும் கேட்க வேண்டும்.

ஹோங்சுனில் வீடுகளுக்கு முன் தண்ணீரைப் பாருங்கள். மேற்கு ஓடையை மறித்துத் திருப்பிய நீர், கல் வாய்க்காலில் வீட்டு வாசல்களை ஒட்டி ஓடி, ஊர் நடுவிலுள்ள அரைவட்ட நிலாக் குளத்தை நிரப்பி, தெற்கேயுள்ள நான்ஹு ஏரியில் விழுந்து, அங்கிருந்து வயலுக்குப் போகிறது. வாய்க்காலும் குளமும் மிங் வம்ச காலத்தில் யோங்லே பேரரசர் ஆட்சியில் தொடங்கியவை; ஏரி 1607-ல் வெட்டியது. குடிநீருக்கு, தீயணைக்க, துணி துவைக்க எல்லாவற்றுக்கும் இதே நீர். காலை எட்டு மணிவரை குடிக்க மொண்டுகொள்வது, பிறகுதான் துவைப்பது என்பது பழைய ஊர்க்கட்டு. வாய்க்கால் ஓடும் திசைக்கு எதிராக நடந்தால் ஊரின் தலைப்பக்கம் வந்துவிடும், வரைபடம் தேவையில்லை.

வீடுகள் வெளியே வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, சன்னல் மிகச் சிறிது. ஆண்கள் பதின்மூன்று பதினான்கு வயதிலேயே உப்பு, தேயிலை, மர வியாபாரத்துக்கு வெளியூர் போய்விடும் குடும்பங்கள் என்பதால் திருட்டுக்கு அஞ்சிக் கட்டியவை. வெளிச்சமும் மழையும் நடுமுற்றம் வழியாகத்தான் இறங்கும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வணிகர் வீடுகளின் கணக்கு உடனே பிடிபடும். படிப்படியாக உயரும் பக்கச் சுவர்கள் அலங்காரத்துக்கு அல்ல: நெருங்கிய மர வீடுகளில் தீ ஒரு கூரையிலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் தடுக்க. உப்பு வணிகர் ஒருவர் 1855-ல் கட்டிய செங்ஷி மாளிகையின் மரச்செதுக்கலுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஷீதிக்கு அரை நாள் போதும். வாயிலில் நிற்கும் 1578-ஆம் ஆண்டுக் கல் தோரணத்தை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம்.

சைவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். காய்கறிக் குழம்பிலும் பன்றிக் கொழுப்பும் உலர் இறைச்சித் துண்டும் போடுவது இந்தப் பக்கத்துச் சமையல் வழக்கம். 'இறைச்சி வேண்டாம்' என்றால் போதாது. கொழுப்பு, மீன், முட்டை என ஒவ்வொன்றையும் சீனத்தில் எழுதிக் காட்டுங்கள். பணத்துக்கு, அலிபே என்ற கைபேசிக் கட்டணச் செயலியில் வெளிநாட்டு அட்டையைக் கிளம்புமுன்னே இணைத்துவிட வேண்டும். ஒரு முறைக்கு 200 யுவானைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள். உள்நாட்டு விமானம் ஏறுபவர்களின் பவர் பேங்கில் சீனாவின் 3சி என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லையென்றால், 2025 ஜூன் 28 முதல் பாதுகாப்புச் சோதனையிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தியக் கடப்பிதழுக்கு வேண்டும். அக்டோபர் முதல் வாரத்திலும் மே மாதத் தொடக்க விடுமுறையிலும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெட்டிச் செய்தியில் மலை நுழைவுக் கட்டணம் 230 யுவான் என்று அச்சாகியிருந்தது. அது பழைய கட்டணம். 2018-ல் 190 ஆகக் குறைத்துவிட்டார்கள், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 150. கேபிள் கார், சரிவு ரயில், பூங்காப் பேருந்து மூன்றும் இதில் சேராது, தனித்தனியே வாங்க வேண்டும். அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்