என் வயலினை எடுத்துவிடு, கண்ணம்மா

மேற்கு மாம்பலம்,
சென்னை – 33.

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், நீ இசையமைத்து அனுப்பிய டிராக்குகள் என்னவாயின என்று நான் கேட்டபோது, "எடுத்துக்கொள்ளவில்லை அப்பா" என்று சொல்லிவிட்டு உடனே அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினாய். உனக்கு வந்த பதிலை நீ அம்மாவுக்கு மட்டும் அனுப்பியிருந்தாய் என்பது மறுநாள் அவள் படித்துக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதில் இருந்த மூன்று வரிகளையும் கேட்டேன். அவற்றை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. தனி வயலின் கவனத்தை இழுக்கிறது, பேச்சுக்கு அடியில் வைக்க முடியவில்லை. வெட்டி எடுக்க இடமில்லை. முடிவு தேய்ந்து மறைந்துவிடுகிறது. இவைதாம், படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் இசை கொடுக்கும் அந்த மியூசிக் லைப்ரரியில் இசையைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பவர் உன் டிராக் ஒன்றைப் பற்றி எழுதியவை.

அந்த வயலினை வாசித்தவன் நான். சென்ற கார்த்திகையில் பின்கட்டு அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தி, நீ டொரொண்டோவிலிருந்து கைபேசியில் கேட்டுக்கொண்டிருக்க, ரேவதி ராகத்தில் அந்த வரியை ஒன்பது முறை வாசித்தேன். ஒன்பதாவதைத்தான் நீ வைத்துக்கொண்டாய். ஆகவே அவர்கள் குறை சொன்னது அப்பாவின் வாசிப்பை என்று நினைத்து அதை உனக்குள்ளேயே வைத்துக்கொண்டாய். உன் மனம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கருத்தை யாருடைய மனமும் நோகக் கூடாது என்பதற்காக மூடி வைத்தால், அது சொல்லும் விஷயமும் அதோடு சேர்ந்து மூடிப்போகிறது. அதனால் அவர்கள் சொன்னது சரியா என்று நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை காலை, காப்பி குடித்து முடித்ததும், அம்மாவைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, அன்றைய நாளிதழிலிருந்து ஏரிகளின் நீர்மட்டம் பற்றிய செய்தியை உரக்கப் படிக்கச் சொன்னேன். உன் டிராக்கைக் கைபேசியில், அவள் குரலை விடச் சற்றுத் தாழ்வாக ஒலிக்கவிட்டேன். முதல் 40 விநாடி தம்புராவும் அந்த மெல்லிய பியானோவும் மட்டும் இருக்கும்வரை அவள் தடையில்லாமல் படித்தாள். நானும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். வயலின் உள்ளே வந்ததும் அவள் படிக்கும் வேகம் குறைந்தது. மேல் ஷட்ஜத்துக்கு ஏறி நான் அங்கே நின்று அசைக்கிற இடத்தில், அவள் நாளிதழிலிருந்து தலையைத் தூக்கி, "எந்த வரியில் இருந்தேன் என்று தெரியவில்லை" என்றாள். நானும் அந்த வரியைக் கேட்டிருக்கவில்லை. என் காது வயலினோடு போய்விட்டிருந்தது. பூண்டி ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாமலே போயிற்று.

அந்த மனிதரின் காதில் விழுந்ததும் இதுதான். பேச்சில் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பதற்கு ஏறக்குறைய 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி முக்கியம் என்பது உனக்கு என்னை விட நன்றாகத் தெரியும். வயலினின் மேல் தந்தியில் வில்லை அழுத்தும்போது எழும் கூர்மையும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. இரண்டும் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடுகின்றன. அதற்கு மேல், கமகத்தோடு, அதாவது சுரங்களை அசைத்து இழைத்து, வாசிக்கும் ஒற்றை வயலின் ஏறக்குறைய ஒரு மனிதக் குரல். பேசுகிறவர் ஒருவர் இருக்கும்போது இன்னொருவரும் பேசத் தொடங்கினால் கேட்பவர் யாரைக் கேட்பார்? கச்சேரியில் எது என் பலமோ, ஓர் ஆவணப்படத்தில் விவரணைக் குரலுக்கு அடியில் அதுவே தொல்லை. இதில் என் வாசிப்பைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை.

இதை நான் முதல்முறை கற்றுக்கொண்ட நாளைப் பற்றி உனக்கு இதுவரை சொன்னதில்லை. 1986. எனக்கு 24 வயது. கோடம்பாக்கத்தில் ரீரெக்கார்டிங்குக்கு, அதாவது படத்தின் பின்னணி இசைப் பதிவுக்கு, வயலின் வாசிக்கப் போக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து வாசித்துப் பழகியவன், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேற்கத்திய முறையில் தந்தி கூட்டி, ஸ்டாஃப் நொட்டேஷன் என்னும் மேற்கத்திய இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அன்று 16 வயலின்கள். நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, நீளமுள்ள ஒரு சிறு பிட், கடினமே இல்லாதது. மூன்று டேக் ஆகியும் கண்டக்டர் திருப்தியடையாமல், உள்ளேயிருந்து ஒலிப்பதிவாளர் ஏதோ சொல்ல, "கடைசி ஸ்டாண்டில் இடதுபக்கம் இருப்பவர் வில்லைக் கீழே வையுங்கள்" என்றார். நான்தான். மற்ற பதினைந்து பேரும் வாசித்தார்கள், அந்த டேக் ஓகே ஆயிற்று. கால்ஷீட் முடியும்வரை வயலினை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் முடியாது, யார் முகத்தையும் பார்க்கவும் முடியாது.

எல்லோரும் கிளம்பிய பிறகு ஒலிப்பதிவாளர் என்னை உள்ளே அழைத்தார். பேச்சு எதுவும் இல்லாமல் மூன்றாவது டேக்கைப் போட்டுக் காட்டினார். பிறகு சொன்னார்: "தம்பி, நீ அபஸ்வரம் வாசிக்கவில்லை. பதினைந்து பேர் சுரத்தில் போய் நிற்கிறார்கள். நீ மட்டும் சுரத்துக்கு நடந்து போகிறாய்." அந்தச் சறுக்கல் எனக்குப் பத்து வருடச் சாதகத்தில் வந்தது, என் குரு பாராட்டிய சறுக்கல். அந்த நான்கு பாரில் அதற்கு இடம் இல்லை. வீட்டுக்குப் போய் இரண்டு நாள் வயலினைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரே சுரத்தை, அசைவில்லாமல், வில் தொட்ட கணத்திலேயே சுத்தமாக விழும்படி வாசிக்கத் தொடங்கினேன். அடுத்த 22 ஆண்டுகள் அந்தத் தொழிலில்தான் நம் வீடு ஓடியது, நீ படித்தாய். கமகத்தையும் நான் விட்டுவிடவில்லை. அது நம் பூஜை அறைக்கும் மார்கழிக் கச்சேரிகளுக்கும் உரியதாக இருந்தது.

எல்லாக் கருத்துகளையும் அப்படி ஏற்றுக்கொள் என்று நான் சொல்லவில்லை. கேட்பவர் தன் காதில் விழுந்ததைச் சொல்லும்போது நம்பு. அதற்கு அவர் மருந்தும் சொல்லும்போது நிதானி. படத்தின் இயக்குநர் வந்து, "இந்த இடத்தில் வயலின் போதவில்லை, இன்னும் அழ வேண்டும்" என்பார். இசையமைப்பாளர் சரி என்று தலையசைத்துவிட்டு, வயலினைத் தொடாமல், அதோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்த புல்லாங்குழலை நிறுத்தச் சொல்வார். மறுபடி வாசித்தால் இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த இடத்தில் ஏதோ சரியில்லை என்று இயக்குநர் உணர்ந்தது உண்மை. காரணத்தைக் கண்டுபிடிப்பது இசை எழுதுகிறவரின் வேலை. உனக்கு வந்த மூன்று வரிகளில் மருந்து எதுவும் இல்லை, கேட்டது மட்டும்தான் இருக்கிறது என்பதால், அவை நல்ல வரிகள் என்பது என் கருத்து. தினமும் வந்து குவிகிற டிராக்குகளுக்கு நடுவே உன்னுடையதை முடிவுவரை கேட்காதவர், முடிவு தேய்ந்து போகிறது என்று எழுதியிருக்க முடியாது. அதையும் யோசித்துப் பார்.

மற்ற பத்து டிராக்குகளுக்குப் பதிலே வரவில்லை என்று அம்மா சொன்னாள். அதற்கு ஒரு பொருளும் கற்பித்துக்கொள்ளாதே. அதே மனநிலையில் அதே வேகத்தில் நாற்பது டிராக் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கலாம். கேட்ட விளம்பரத்துக்கு இசை கிடைத்து அந்த பிரீஃப், இன்ன மாதிரி இசை வேண்டும் என்ற அந்தக் கோரிக்கை, மூடியிருக்கலாம். வாடிக்கையாளரே மனம் மாறியிருக்கலாம். விடிகாலையில் எழுந்து போய், மதியம்வரை உயிரைக் கொடுத்து வாசித்த பிட்டுகள், எடிட்டிங்கில் அந்தக் காட்சியே போய்விட்டதால் படத்தில் இல்லாமல் போனதை எத்தனை முறை தியேட்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்! யாரும் எனக்குக் கடிதம் எழுதி வருத்தம் தெரிவிக்கவில்லை, தெரிவித்திருக்கவும் வேண்டாம். பதில் வராத டிராக்கை மூன்று மாதம் கழித்து வேறு இடத்துக்கு அனுப்பு. ஆனால் அனுப்புமுன் ஒருமுறை புதுக் காதோடு கேள்.

ஒன்றைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை இருக்கிறது. மறுப்பு அடுத்தடுத்து வரும்போது, யாராவது ஒருவர் "எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்னதுமே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடத் தோன்றும். எக்ஸ்க்ளூசிவ் என்று எழுதியிருந்தால் அந்த டிராக்கை வேறு எவருக்கும் கொடுக்க முடியாது. எத்தனை ஆண்டுக்கு, பயன்படுத்தாவிட்டால் உரிமை உனக்குத் திரும்புமா, இசையமைப்பின் உரிமையும் ஒலிப்பதிவின் உரிமையும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றனவா என்று பார். இங்கே 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, திரையரங்கில் படத்தோடு ஓடுவது நீங்கலாக மற்றப் பயன்பாடுகளில் இசையமைப்பாளருக்கு வரும் ராயல்டிப் பங்கை, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று ஆக்கினார்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றவர்களை இந்த ஊர் அவ்வளவு பார்த்திருக்கிறது. நீ இருக்கும் ஊரில் சட்டம் வேறு. ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடு, அதற்கான செலவை நான் தருகிறேன்.

இப்போது அந்த டிராக்குக்கு வருகிறேன். முதன்மைப் பதிப்பிலிருந்து என் வயலினை எடுத்துவிடு. தயங்காதே, எடுத்த பிறகு கேட்டுப் பார், பியானோவில் நீ எழுதியிருக்கும் அந்த இடதுகை நகர்வு எவ்வளவு அழகானது என்பது வயலின் மறைத்துக்கொண்டிருந்ததால் எனக்கே இத்தனை நாள் தெரியவில்லை. வயலினோடு உள்ளதை மாற்றுப் பதிப்பாகச் சேர்த்து அனுப்பு. பேச்சில்லாத காட்சிக்கு யாருக்காவது அது வேண்டியிருக்கும். தம்புராவை 40 விநாடி ஓடவிடாமல் பத்து விநாடிக்குள் பியானோவைக் கொண்டுவா, ஏனென்றால் கேட்பவரின் விரல் அடுத்த டிராக்கின் மேலேயே இருக்கிறது. எட்டு பாருக்கு ஒருமுறை ஓர் அரைமூச்சு விடு, எடிட்டரின் கத்தரி அங்கே நுழையட்டும். முடிவை மெல்ல மறையவிடாமல் ஒரு சுரத்தில் நிறுத்தி, அது அடங்கும்வரை விட்டுவிடு. நம் ஊரில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தைத் தீர்மானம் என்ற முடிவுச் சொற்கட்டு வைத்துத்தானே முடிக்கிறோம், கேட்டு வளர்ந்தவள் உனக்குத் தெரியாததா? 60, 30, 15 விநாடிப் பதிப்புகளையும், ஒவ்வொரு கருவியையும் தனியாகப் பிரித்த ஒலிக்கோப்புகளான ஸ்டெம்களையும் இப்போதே செய்து வைத்துக்கொள். வயலினோடு உள்ள பதிப்புக்கு, வாசித்தவரின் ஒப்புதல் படிவம் கேட்பார்கள். அதை அனுப்பி வை, அன்றைக்கே கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

செய்து முடித்ததும் அதே மனிதருக்கு இரண்டே வரி எழுது. நீங்கள் சொன்னதைக் கேட்டு இதை மாற்றினேன், நேரம் இருந்தால் கேளுங்கள் என்று. விளக்கம் சொல்லாதே, வாதாடாதே, உன் அப்பாவின் வாசிப்பைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

அம்மாவைத் திரும்பவும் மேஜையில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வதாக இருக்கிறேன். புதுப் பதிப்பு தயாரானதும் முதலில் எனக்கு அனுப்பு.

இன்னொன்று. முடிவில் வந்து நிற்கும் சுரத்துக்கு அடியில், கீழ்த் தந்தியில் ஒரு பஞ்சமம், அசைவில்லாமல், சுவர்போல நிற்கும்படி வேண்டுமென்றால் வாசித்துத் தருகிறேன். அது யாருடைய பேச்சுக்கும் குறுக்கே வராது. ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்குத் தெருவில் சத்தம் இருக்காது. நீ போன முறை சொல்லிக் கொடுத்தபடி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துப் பதிவு செய்கிறேன். எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா