வெள்ளத் தடுப்பு நிதி மாரிக்கு முன்னரே வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வெள்ளத் தடுப்புக்கும் நீர்ப்பாசனக் கட்டமைப்புகளின் புனரமைப்புக்கும் அரசு அவசர நிதி ஒதுக்குவதை மட்டக்களப்பு விவசாயிகளாகிய நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் நவம்பரில் மழை கனத்துவிட்ட பின்னர் வந்து சேரும் பணத்தால் குளக்கட்டில் ஒரு கூடை மண்ணைக்கூடப் பயனுறப் போட முடியாது. உடைந்த துருசுகளையும் (குளத்து நீரைத் திறந்துவிடும் மதகுகள்) அரித்துப்போன கட்டுகளையும் சிறுபோக அறுவடைக்கும் பெரும்போக விதைப்புக்கும் இடைப்பட்ட வறண்ட வாரங்களில்தான் திருத்தலாம் என்பதால், நிதி ஆகஸ்ட் மாதத்துக்குள் விடுவிக்கப்பட வேண்டும்.

உன்னிச்சை, நவகிரி போன்ற பெரிய குளங்கள் நிரம்பி வான் பாயும்போது, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் தாழ்நிலங்கள் வழியே மட்டக்களப்பு வாவிக்கு இறங்கும் நீர், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல்திட்டு மூடிக் கிடந்தால் கடலுக்குப் போக வழியின்றி வயல்களிலேயே தேங்கி, இளம்பயிரை அழுகச் செய்கிறது. முகத்துவாரத்தை வெட்டும் நாள் குறித்து வாவி மீனவர்களுக்கு இருக்கும் கவலையும் நியாயமானதே. ஆகவே எந்த நீர்மட்டத்தில் வெட்டுவது என்பதை இரு தரப்பையும் அழைத்து, மழைக்கு முன்பே எழுத்தில் தீர்மானிக்க வேண்டும்.

2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, அதில் பயணித்த மதரசா மாணவர்கள் உயிரிழந்தனர். அத்தகைய தாழ்வான வீதிகளை உயர்த்திப் போதிய மதகுகளை அமைப்பது இந்நிதியின் முதல் வேலைகளுள் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் பகுதியின் வெல்லாவெளி – மண்டூர் வீதியையும் அதில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்குமான ஒதுக்கீடும் முடிவுத் திகதியும் பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் தமிழில் இடப்பட்டால், கமக்காரர் அமைப்புகள் நேரில் சென்று பார்த்துக் கேள்வி கேட்க முடியும்.

விவசாயி ஒருவர்,
வெல்லாவெளி.