எங்களையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

பெற்றோருக்கான வாராந்திர வகுப்பின் இந்தச் சுற்று முடிந்துவிட்டது. கடைசி நாளன்று ஆளுக்கு ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். இடுப்பில் பையன் அழுதுகொண்டிருந்ததால் "ரொம்ப நன்றி" என்பதோடு நான் உட்கார்ந்துவிட்டேன். அது போதாது. யார் என்ன செய்தார்கள் என்று விவரமாகச் சொன்னால்தான் நன்றி சொன்னதாக ஆகும். அதற்குத்தான் இந்த மடல்.

எனக்கு மூன்றரை வயதில் ஒரு மகள், கைக்குழந்தையாக ஒரு மகன். கணவருக்கு ஷிப்ட் வேலை. துணைக்குப் பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. இப்படியொரு வீட்டிலிருந்து வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு கிளம்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே என் முதல் நன்றி குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொண்ட தன்னார்வலர்களுக்கு. அந்த அறை இல்லையென்றால் எங்களில் பாதிப் பேர் வகுப்புக்கே வந்திருக்க மாட்டோம்.

முதல் வாரம் என் மகள் என் கையை விடவே இல்லை. அங்கிருந்த அக்கா அவளைத் தூக்கவோ கொஞ்சவோ முயலவில்லை. சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல், மரக்கட்டைகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கத் தொடங்கினார். நடுவில் ஒரு நீலக் கட்டையைப் பச்சைக் கூட்டத்தில் வைத்தார். மகள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போய் அதை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். "ஓ, இது இங்கயா?" என்று மட்டும் கேட்டார் அவர். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து நான் சத்தமில்லாமல் நழுவப் பார்த்தேன். எல்லோரும் அப்படித்தானே சொல்லிக் கொடுக்கிறார்கள்? அக்கா தடுத்தார். "சொல்லிட்டுப் போங்கம்மா. அழுதாலும் பரவாயில்லை, நான் பார்த்துக்கறேன். சொல்லாமப் போனா அடுத்த வாரம் முழுக்க உங்களையே கண்காணிச்சிட்டு இருப்பா" என்றார். சொல்லிவிட்டுப் போனேன். அழுதாள். பிறகு நின்றதாம். சில வாரங்களில் அவளே எனக்குக் கையசைத்து வழியனுப்பத் தொடங்கினாள்.

அந்த அறையில் வாராவாரம் அதே முகங்கள் இருந்ததை நான் தற்செயலாக நினைக்கவில்லை. சின்னக் குழந்தைகள் ஆள் மாறினால் கலங்குவார்கள் என்று தெரிந்து, தங்கள் சொந்த வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு அவர்கள் வந்திருக்கிறார்கள். பையன் எப்போது பால் குடித்தான், எவ்வளவு நேரம் தூங்கினான் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுப்பார்கள். அந்தச் சீட்டை நம்பித்தான் நான் பக்கத்து அறையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். இந்த வகுப்புக்கு நிதி ஒதுக்குபவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: எதில் சிக்கனம் பிடித்தாலும் குழந்தைகள் அறையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அடுத்து, வகுப்பை நடத்திய இருவருக்கும்.

அங்கே பேசுவது வெளியே போகாது என்று முதல் நாளே உறுதி சொன்னீர்கள். கூடவே, ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரியவந்தால் மட்டும் அதை மறைக்க மாட்டோம், உரியவர்களிடம் சொல்லியே தீருவோம் என்றும் சொன்னீர்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டு அறை ஒரு கணம் இறுகிப்போனது. ஆனாலும் அதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொன்னதால்தான் உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

கரும்பலகையில் நீங்கள் வரைந்த அந்த வட்டம் எங்கள் எல்லோர் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை கேட்கிறது, நாம் முடியாது என்கிறோம், பிள்ளை கத்துகிறது, நாம் களைத்துப்போய் விட்டுக்கொடுக்கிறோம். கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. விட்டுக்கொடுத்தால் கத்தல் நிற்கும் என்று நாமும் கற்றுக்கொள்கிறோம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே பல ஆண்டுகள் கவனித்து, 1982இல் இதை ஒரு நூலாகவே எழுதினார் என்று சொன்னீர்கள். என் மகள் பிடிவாதக்காரி என்றும் நான் பொறுமையில்லாதவள் என்றும் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, குறை ஆளிடம் இல்லை, இந்தச் சுழலில் இருக்கிறது என்று புரிந்தது பெரிய ஆறுதல். சுழல் என்றால் எங்காவது ஓரிடத்தில் வெட்டிவிடலாம் அல்லவா?

எங்கே வெட்டுவது என்பதை நடித்துக் காட்டச் சொன்னீர்கள். இந்த வகுப்பின் உயிரே அதுதான் என்பேன். ஒரு அப்பா பிள்ளையாக நடித்தார். இன்னொரு அம்மா அறையின் கோடியிலிருந்து, "எத்தனை வாட்டி சொல்றது, எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டுக் கிளம்பு, விளையாடிக்கிட்டே இருக்காதே!" என்றார். பிறகு அதே காட்சி, வேறு மாதிரி. அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, "அந்தக் கட்டையைப் பெட்டியில போடு" என்று ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டு அமைதியாக நின்றார். செய்ததும் உடனே பாராட்டினார். நடித்து முடித்த அப்பாவிடம் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். "முதல் தடவை கோபம் மட்டும்தான் காதுல விழுந்தது. என்ன செய்யணும்னே புரியல" என்றார். பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்து ஒரு பெரியவர் அப்படிச் சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் உறைத்தது.

இப்படிச் செய்து பழகுவதற்கு ஆதாரமும் இருக்கிறது. பெற்றோர் பயிற்சிகளை மதிப்பிட்ட 77 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஒரு அலசலில், புதிதாகக் கற்றதைப் பெற்றோர் தங்கள் பிள்ளையோடு வகுப்பிலேயே செய்து பழகிய பயிற்சிகள் கூடுதல் பலன் தந்ததாகத் தெரிந்தது. அதனால்தான் பின்பாதி வாரங்களில் பிள்ளைகளையும் உள்ளே அழைத்து, தினமும் பத்து நிமிட விளையாட்டு என்ற பயிற்சியை எங்கள் கண்முன்னே தொடங்கிவைத்தீர்கள். பிள்ளை என்ன விளையாடுகிறதோ அதுவே விளையாட்டு. "இது என்ன நிறம், இதுல எத்தனை இருக்கு" என்று பரீட்சை வைக்கக் கூடாது, திருத்தக் கூடாது, செல்போன் கையில் இருக்கக் கூடாது. அவள் செய்வதைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னால் போதும்: "சிவப்பு மேல மஞ்சளை வைக்கிற." கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் கேள்வி கேட்கும் பழக்கம் நமக்குள் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்று தெரியும்.

இப்போது வீட்டுக்கு வந்து பார்த்த செவிலியர் அம்மாவுக்கு. இதை எழுத எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மகன் பிறந்த இரண்டாம் மாதம். சாயங்காலம் ஆனால் அழத் தொடங்குவான், எதற்கும் நிற்காது. நீங்கள் அவனை முழுதாகப் பரிசோதித்துவிட்டு, நலமாக இருக்கும் குழந்தைகளிடமும் அழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போகும், பொதுவாக மூன்று நான்கு மாதங்களில் தணிந்துவிடும் என்றீர்கள். தாங்க முடியவில்லை என்று தோன்றினால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, கதவுக்கு வெளியே வந்து சில நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அதில் தப்பே இல்லை, ஆனால் எந்த ஆத்திரத்திலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது, மூளையில் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும் என்று என் கணவரையும் உட்காரவைத்துச் சொன்னீர்கள்.

அப்புறம் என்னைப் பார்த்து, "குழந்தை சரி, நீங்க எப்படி இருக்கீங்க?" என்றீர்கள். பிரசவத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் அப்படிக் கேட்டவர் நீங்கள்தான். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கலாமா என்று பார்க்க உதவும் எடின்பரோ அளவுகோல் என்று சொன்னீர்கள், 1987இல் வெளியானது, 10 கேள்விகள், எல்லாம் கடந்த 7 நாட்களைப் பற்றியவை. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயமாக இருக்கிறதா, தூக்கம் வராத அளவுக்கு மனம் வாடியிருக்கிறதா. கடைசிக் கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதைக் கேட்கும்போது நீங்கள் குரலைத் தாழ்த்தவில்லை, பார்வையை விலக்கவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பதைப் போலவே கேட்டீர்கள். அதனால் என்னால் உண்மையாகப் பதில் சொல்ல முடிந்தது.

மதிப்பெண் கூடுதலாக வந்தது. இதை வைத்து மட்டும் நோய் என்று முடிவு கட்ட முடியாது, மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றீர்கள். அன்றே போன் செய்து நேரம் வாங்கி, மறுநாள் கூடவே வந்தீர்கள். இன்று நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அதில் உங்கள் பங்கு மிகப் பெரியது. எல்லா ஊரிலும் எல்லாத் தாய்மாருக்கும் அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

அப்பாக்களுக்கென்று தனியாக மாலை வகுப்பு வைத்ததற்கும் நன்றி. கணவர் முதலில் தயங்கினார். போய்விட்டு வந்த அன்றிரவு, தந்தையரில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு மனைவியின் கர்ப்ப காலத்திலோ குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள்ளோ மனச்சோர்வு வருவதாக 2010இல் ஒரு தொகுப்பாய்வு கண்டதாம் என்று சொன்னார். அவர் அந்தப் புள்ளிவிவரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். நான் காத்திருந்தேன். பிறகு தன்னைப் பற்றியும் பேசினார். வெகு நாளைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டோம்.

கூட வந்த பெற்றோர்களே, உங்களை விட்டுவிட்டு எப்படி முடிப்பது? இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத மகனைப் பற்றி ஒரு அம்மா முதல்முறை வாய் திறந்தபோது யாரும் "பேசிடுவான், கவலைப்படாதீங்க" என்று மூடி மழுப்பவில்லை. முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள் என்று சொல்லி, தன் பிள்ளையை அழைத்துப்போன அனுபவத்தை இன்னொருவர் பகிர்ந்தார். துணைக்கும் போனார். தனியாகப் பிள்ளை வளர்ப்பவரின் வீட்டுக்கு அவருக்கு உடம்பு சரியில்லாத வாரம் முழுக்க முறை வைத்துப் போய் வந்தீர்கள். பேரனை வளர்க்கும் பாட்டி ஒருவர், தன் காலத்து வழக்கம் வேறு என்று வாதாடிக்கொண்டே, எங்கள் யாரையும்விட ஒழுங்காக வீட்டுப்பயிற்சியைச் செய்து வந்தார். அம்மா, உங்களிடம் நான் கற்றது நிறைய.

இடம் கொடுத்தவர்களுக்கும், நேரத்துக்கு வந்து கதவைத் திறந்துவைத்து நாற்காலி போட்டவர்களுக்கும், செலவை ஏற்றவர்களுக்கும் நன்றி. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு நாள் ஒரு அம்மா, "உங்களுக்கெல்லாம் தொந்தரவு கொடுக்கிறோம்" என்றார். அதற்கு நீங்கள், ஐக்கிய நாடுகள் சபையின் 1989ஆம் ஆண்டு குழந்தை உரிமை உடன்படிக்கையை எடுத்துக்காட்டினீர்கள். பிள்ளை வளர்ப்பில் பெற்றோருக்கு அரசு தக்க உதவி செய்ய வேண்டும் என்று அதன் 18ஆம் பிரிவு சொல்கிறது. உலக சுகாதார அமைப்பும் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 17 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இத்தகைய பயிற்சிகள் எளிதில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. உதவி வாங்க வந்த எங்களைத் தலைகுனிய விடாமல் உட்காரவைத்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

அடுத்த சுற்றுக்குப் பெயர் கொடுக்க யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு: பிள்ளைகளோடு வாருங்கள், தாமதமாக வந்தாலும் வாருங்கள், பேசப் பிடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் சுற்றிலிருந்து நான்கு பேர் குழந்தைகள் அறைப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். பின்னணிச் சரிபார்ப்புக்கான தாள்களையும் கொடுத்துவிட்டோம். கணவர் அப்பாக்கள் மாலைக்கு நாற்காலி போட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அனுமதி வந்ததும் எந்தக் கிழமை என்று சொல்லுங்கள், வாராவாரம் அதே கிழமையில் வந்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
இந்தச் சுற்றில் படித்த ஒரு தாய்