இறங்கின அப்புறம் கூப்பிடு

பாப்பா,

அமெரிக்காவில் இருக்கிற ரெய்னியர் எரிமலையில் ஏறப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நேற்று ராத்திரி பார்த்தால், கட்டில் காலில் ஷூ லேஸைச் சுற்றி ப்ரூசிக் முடிச்சு போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். இழுத்தால் இறுகுகிறது, விட்டால் நகர்கிறது. பனிப்பிளவுக்குள் விழுந்தால் கயிற்றில் ஏறி வர அதுதான் துணையாமே!

4,392 மீட்டர் உயரம்கூட என்னைப் பயமுறுத்தவில்லை, அந்தப் பனியாறுகள்தான். பனி உறைந்து கிடக்கும் என்று நினைத்திருந்தேன், அது தன் கனத்திலேயே கீழே நகருமாம், மேடு பள்ளத்தில் விரிசல் விடுமாம், விரிசலின் மேல் புதுப்பனி பாலம் மாதிரி மூடிக்கொள்ளுமாம். ராத்திரிக் குளிரில் கெட்டியாக இருக்கிற பாலம் வெயில் ஏறினால் இளகிவிடும். அதனால்தான் நடுவழி முகாமான கேம்ப் மியூரிலிருந்து நடுராத்திரியிலேயே கிளம்புகிறீர்கள் என்று இப்போதுதான் புரிந்தது. இருட்டில் போவது பைத்தியக்காரத்தனம் என்று உன்னோடு சண்டை போட்டேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

1981 ஜூனில் அதே மலையின் இங்ரஹாம் பனியாற்றில் பனிக்கட்டிகள் சரிந்து 11 பேர் செத்ததையும் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

1870-ல் முதலில் உச்சியைத் தொட்டதாகப் பதிவான ஸ்டீவன்ஸும் வான் ட்ரம்ப்பும் சாயங்காலம்தான் மேலே போய்ச் சேர்ந்தார்கள், இறங்கப் பொழுதில்லை. எரிமலை ஆவி குடைந்த பனிக்குகைக்குள் ராத்திரியை ஓட்டினார்கள். எல்லாரும் அதைச் சாகசம் என்கிறார்கள், எனக்கென்னவோ திரும்ப நேரம் வைத்துக்கொள்ளாமல் ஏறினார்கள் என்றுதான் படுகிறது.

நீயும் அந்த ரகம்தான். பத்து வயதில் காய்ச்சலோடு பந்தயம் ஓடி, கோட்டைத் தாண்டி வந்து என் புடவையிலேயே வாந்தி எடுத்தாய். பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னது நான்தான், இப்போது அதுவே உறுத்துகிறது. மேலே தலைவலியோ வாந்தியோ வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு மறைக்காதே, உடனே வழிகாட்டியிடம் சொல்லிவிடு. ஒரே கயிற்றில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், நீ தடுமாறினால் அவர்களையும் இழுத்துவிடும். அவர் திரும்பலாம் என்றால் திரும்பு, உச்சி நூறு மீட்டரில் தெரிந்தாலும் சரி.

அப்புறம், உச்சியிலிருந்து என்னைக் கூப்பிட வேண்டாம். நீங்கள் ஏறத் தொடங்குகிற பாரடைஸுக்கு இறங்கி வந்து, பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூப்பிடு. எந்த நேரமானாலும் எடுப்பேன். அப்பா பக்கத்தில்தான் இருப்பார், தூங்குகிற மாதிரி.

அம்மா