சுன்னத் தழும்பில் வரும் கட்டியைப் பிதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மே மாத விடுமுறை வந்தால் தாராவித் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் சுன்னத் (ஆண்குறியின் முன்தோலை நீக்குவது) வரிசையாக நடக்கும். காயம் ஆறியதோடு கவனிப்பும் நின்றுவிடுகிறது. ஆனால் சில பிள்ளைகளுக்கு மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்துக்கூடத் தழும்பின் மேலேயே கடுகளவில் ஒரு கட்டி தலைகாட்டும். வலிக்காது. மெல்ல மெல்லப் பட்டாணி அளவுக்கு வளரும். கொழுப்புக்கட்டி என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். உள்ளே இருப்பது கொழுப்பே அல்ல.

வெட்டிய பிறகு உள்தோல், வெளித்தோல் இரண்டின் ஓரமும் நுனியோடு நுனி பொருந்த வேண்டும். குழந்தையின் தோல் மெல்லியது. ஊசி ஏறும்போது ஓரம் சட்டென்று உள்பக்கம் சுருண்டுகொள்ளும். அதை இடுக்கியால் வெளியே எடுத்துவிடாமல் முடிச்சுப் போட்டால் அந்தத் துளித் தோல் உள்ளேயே புதைந்துபோகும். புதைந்தாலும் மேல்தோல் தன் வேலையை நிறுத்தாது, செதில் உதிர்த்துக்கொண்டே இருக்கும். வெளியேற வழியில்லாத செதில் ஒரு பைக்குள் வெள்ளைப் பசையாகச் சேர்கிறது. கட்டி என்பது அதுதான். சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பலரும் செய்யும் தவறு, நகத்தால் பிதுக்குவதும் ஊசியால் குத்துவதும். பை உள்ளுக்குள் கிழிந்தால் சுற்றியுள்ள சதை சிவந்து வீங்கும், சீழும் பிடிக்கலாம். சீழ் பிடித்துவிட்டால் முதலில் அதை ஆற்றி, பிறகுதான் கட்டியை எடுக்க முடியும். எடுக்கும்போது பை முழுசாக வர வேண்டும். துளி தங்கினாலும் மீண்டும் வளரலாம். பெரியவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி போதும். சிறுவர்களுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்தே செய்வார்கள்.

எல்லா வெள்ளைக் கட்டியும் இதுவல்ல. மிச்சத் தோல் மொட்டோடு (ஆண்குறியின் நுனியோடு) ஒட்டியிருக்கும் இடத்தில், அடியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மணிபோலத் தெரிவது உதிர்ந்த செதில் படிவு. ஒட்டல் விடும்போது தானே வெளியேறிவிடும். தோலை இழுத்துப் பிரிக்க வேண்டாம். முதல் வாரத்தில் மொட்டின் மேல் படரும் மஞ்சள் ஏடும் பெரும்பாலும் சீழ் அல்ல. தழும்புக் கோட்டிலேயே உருண்டையாக நின்று வளர்வதைத்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சுன்னத் செய்பவர்கள் ஒரு மாதம் கழித்துப் பிள்ளையை மறுபடி அழைத்துத் தழும்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. கட்டி சூடாகிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம், சயான் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

அறுவை அரங்குச் செவிலியர்கள் சிலர்,
தாராவி, மும்பை