முதலில் குடியை நிறுத்திவிட்டு வரச் சொல்லாதீர்கள்

தமிழ்நாடு நிதித்துறை அமைச்சர் அவர்களுக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும் வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். நிதிநிலை அறிக்கைக்கான வேலைகள் தொடங்கும் முன்பே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். குடிநோய்க்கும் மனநோய்க்கும் ஒரே இடத்தில், ஒரே குழு சிகிச்சை தரப் பணம் ஒதுக்குங்கள்.

கட்டட வேலை செய்யும் ஒருவர். காதில் யாரோ திட்டுவது போலக் குரல் கேட்கிறது, தூங்குவதற்காகக் குடிக்கிறார். மனைவி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனால் “முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்” என்கிறார்கள். போதை மீட்பு மையத்துக்குப் போனால் “மனநோய் உள்ளவரை இங்கே சேர்க்க முடியாது” என்கிறார்கள். இரண்டு சீட்டுகளையும் பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு, கூலியையும் இழந்து அந்தப் பெண் அலைந்தார். சொன்ன பேச்சைக் கேட்டு அந்த மனிதர் வீட்டிலேயே குடியை நிறுத்தினார். மூன்றாம் நாள் கை நடுங்கி, சுவரெங்கும் பூச்சி ஊர்வதாக அலறினார். பேய் பிடித்துவிட்டது என்று நினைத்த குடும்பம், கடைசியில்தான் 108-ஐ அழைத்தது. நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் மருத்துவத் துணையின்றித் திடீரென நிறுத்தினால் உயிரே போகலாம். இதை அவர்களுக்கு எந்த வாசலிலும் யாரும் சொல்லவில்லை.

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநலப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. பணம் மட்டும் இன்னும் தனித்தனி வழியில் வருகிறது. மாவட்ட மனநலத் திட்டம் நல்வாழ்வுத் துறையிடம் இருக்கிறது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மீட்பு மையங்களுக்கான மானியம் ஒன்றிய அரசின் சமூகநீதி அமைச்சகத்திலிருந்து வருகிறது. அந்த அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

2025-இல் அரசு மருத்துவமனைகளில் 25 ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்களைத் திறந்தது நல்ல தொடக்கம், மனமார வரவேற்கிறேன். ஆனால் தொலைவில் உள்ள வட்டங்களிலிருந்து இரண்டு பஸ் மாறி, கைநடுக்கத்தோடு ஒருவர் அங்கே வந்து சேர வேண்டும். வட்ட அரசு மருத்துவமனையிலேயே நான்கைந்து படுக்கைகளும், குடியை நிறுத்தும்போது வரும் பாதிப்புக்கும் மனநோய்க்குமான மருந்துகளும், அவற்றைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவரும் வேண்டும்.

மருந்தைவிட முக்கியமாக நான் நினைப்பது ஆட்களை. குடும்பத்தை அடித்ததையும் தற்கொலைக்கு முயன்றதையும் ஒருவர் சொல்லத் துணிவதற்கே மாதங்கள் ஆகின்றன. ஆலோசகரோ ஒப்பந்தப் பணியாளர். வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார். புதிதாக வருபவரிடம் முதலிலிருந்து தொடங்க மனமில்லாமல் சிகிச்சைக்கு வருவதையே நிறுத்தியவர்கள் பலர். ஆகவே ஆலோசகர், மனநல செவிலியர், சமூகப் பணியாளர் பதவிகளை நிரந்தரமாக்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையை வீடு தேடிக் கொண்டுபோகும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியும் அதற்குரிய ஊதியமும் கொடுத்தால், சிகிச்சையைப் பாதியில் விட்டவரையும் தேடிப் போக முடியும்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். 2023-24-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் நூற்றில் ஒரு பங்கு என்றாலே 450 கோடி. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களில் பலர்தான் எங்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் சிகிச்சைக்கு அதில் ஒரு பங்கு கேட்பது சலுகை ஆகாது.

வரும் நிதிநிலை அறிக்கையில் இதற்கென்று தனிக் கணக்குத் தலைப்பு உருவாக்குங்கள். வேறு செலவுக்கு மாற்ற முடியாதபடி அதை நல்வாழ்வுத் துறையிடம் ஒப்படைத்து, ஆண்டுதோறும் எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்தார்கள், ஓராண்டுக்குப் பிறகும் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்பதை வட்டவாரியாகச் சட்டமன்றத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மனநல சமூகப் பணியாளர்