நிறம் போனது, கரிமம் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிலத்தடி நீருக்கு ஓசோன் சுத்திகரிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். 'ஓசோன் இருந்தால் குளோரின் தொல்லை தீர்ந்தது' என்று முடித்திருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

இலை தழை மக்கி நீரில் கரைந்த கரிமப் பொருளோடு குளோரின் சேரும்போது, குளோரோஃபார்ம் போன்ற, உடலுக்குக் கேடான டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகின்றன. 1974-இல் ராட்டர்டாமைச் சேர்ந்த வேதியியலர் ரூக் எழுதிய பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. குளோரினுக்கு முன்பே ஓசோனைச் செலுத்தி அந்தக் கரிமத்தை உடைப்பது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை.

சென்ற மாதம் எங்கள் குடியிருப்பில் ஓசோன் கருவி விற்க ஒருவர் வந்தார். தேநீர்க் கழுவல் போலிருந்த எங்கள் போர் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஓசோன் குழாயை விட்டார். சில நிமிடங்களில் தண்ணீர் தெளிந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். போனது நிறம் மட்டுமே. கரிமத்தின் பெரும்பகுதி சிறு துண்டுகளாக அதே குடுவையில்தான் இருந்தது. அந்தத் துண்டுகள் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. ஓசோனை அடுத்து உயிரி வடிகட்டி (பாக்டீரியா குடியிருக்கும் வடிகட்டி) ஒன்று வைத்து அங்கேயே அவற்றைத் தின்னக் கொடுக்காவிட்டால், வீட்டுக்கு நீர் வரும் குழாய்க்குள்ளேயே பாக்டீரியாப் படலம் வளரும். ஓசோனோ சிறிது நேரத்தில் சிதைந்துவிடும். குழாயில் காவலுக்கு நிற்காது. எனவே கடைசியில் கொஞ்சம் குளோரின் சேர்த்தே ஆகவேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

கடலோரத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் ஏறியிருப்பது ஊரறிந்த செய்தி. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு என்ற உப்புப் பொருள் இருக்கிறது. கிணற்று நீரில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தால் நாக்குக்கு உப்புத் தெரியாமலே போகலாம். ஆனால் லிட்டருக்குப் புரோமைடு 650 மைக்ரோகிராம் சேர்ந்துவிடும். ஓசோன் அதில் ஒரு பகுதியை உடலுக்குக் கேடான புரோமேட்டாக்கும். உலக சுகாதார நிறுவனம் புரோமேட்டுக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு வெறும் 10 மைக்ரோகிராம். உருவான பிறகு அதை நீக்குவது பெரும்பாடு.

கலிஃபோர்னியாவின் காஸ்டா மேசாவில், பழங்காட்டு மிச்சத்தால் பழுப்பேறிய ஆழ்நிலத்து நீருக்கு 2001-இல் ஓசோனும் உயிரி வடிகட்டியும் வைத்தார்கள். 2012-இல், கரிமத்தையே பிரித்தெடுக்கும் நுண்துளைச் சவ்வான நானோ வடிகட்டிக்கு மாறிவிட்டார்கள்.

அன்று விற்பனையாளரிடம், "எங்கள் கிணற்றில் புரோமைடு எவ்வளவு, மொத்தக் கரிமம் எவ்வளவு, பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஆர்.ஓ.வில் போய்விடும் சார்" என்றார். எங்கள் குடியிருப்பில் ஆர்.ஓ. இல்லை. அடுத்த கட்டுரையிலாவது, கருவிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த இரண்டு சோதனைகளையும் செய்யச் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர் ஆய்வகப் பணியாளர்,
திருவள்ளூர் மாவட்டம்.